தட்டுக்கும் ஜாதகம் உண்டு

இசைத்தட்டுகள் திரும்பி வந்துவிட்டன. பரணிலிருந்து இறங்கியவற்றை எதைக்கொண்டு துடைப்பது என்று கேட்பவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், ஷேவிங் லோஷன், வேட்டி முனை... ஆளுக்கொரு வைத்தியம்.

வைத்தியத்துக்கு முன் தட்டின் ஜாதகம் பார்க்க வேண்டும். 33⅓ வேகத்தில் சுற்றும் எல்.பி. என்றால் வினைல். அதாவது பிவிசி, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பங்காளி. லேசாக வளையும். பழைய, கனமான 78 என்றால் பெரும்பாலும் அரக்கும் கல்பொடியும் கலந்தது. இந்தியாவில் 1960-களிலும் இவை அச்சாயின. கீழே போட்டால் அப்பளம்.

அரக்கு எதில் கரையும்? தச்சரைக் கேளுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேஜைக்கு பாலிஷ் போடுகிறார். வினைலுக்கென்று விற்கும் சில திரவங்களில் இருப்பதும் ஆல்கஹால்தான். வினைல் தாங்கும். 78-இல் ஊற்றினால் அழுக்கோடு பாட்டும் போய்விடும்.

நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். அவருடைய பாட்டி கல்யாணத்துக்கு முன் பாடிக்கொடுத்த ஒரே ஒரு 78. வீட்டில் வேறு பிரதி கிடையாது. பையன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுமாக உட்கார்ந்திருக்கிறானாம்.

“முதல்ல அந்த பாட்டிலை வாங்கி உள்ளே வைங்க சார்” என்றேன்.

பிறகு சொன்ன முறை இது. மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டே சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு, பள்ளத்தில் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் போகும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே கூடாது. லேபிள் நனையக் கூடாது. 78-ஐ ஊறப்போடவும் கூடாது. மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில், நிழலில் நிறுத்துங்கள். வெயில் பட்டால் வினைல் நெளிந்துவிடும். வாக்குவம் மெஷின், அல்ட்ராசோனிக் தொட்டியெல்லாம் நூற்றுக்கணக்கில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு.

அழுக்கு போகும். கீறல் எதிலும் போகாது. 78-க்கு அதற்கான தடித்த ஊசியும் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நண்பர் பேசினார். மூன்று நிமிஷப் பாட்டு, கரகரப்புக்கு நடுவே ஒரு சின்னப் பெண்ணின் குரல். எண்பது வயசான அவருடைய அம்மா, “எங்கம்மா பாடி நான் கேட்டதே இல்லையேடா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னாராம்.