கால் இடுக்கில் போன பந்து

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் ஊரில், அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். "சாண் வீட்டைக் கேக்கறீங்களா? கோயிலைத் தாண்டி மூணாவது வீடு" என்பார்கள். தபால்காரருக்கும் அவர் சாண்தான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "சாணோட நிஜப் பேரு இதுவா?" என்று கேட்டவர்களும் உண்டு.

எண்பதுகளில் ஒரு காணும் பொங்கல் அன்று அந்தப் பெயர் வந்தது. கபடி இறுதியாட்டம், கடைசி ரைடு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஊர் அணிக்காக மாமா பாடிப் போனார். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மாமா ஊர்ந்து வந்தார். விரல் நுனிக்கும் நடுக்கோட்டுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மூச்சு விட்டுப்போயிற்று.

அந்த ஆட்டத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் ஆடியவர் அவர். செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர் என்று எங்கே போட்டி நடந்தாலும் ஆள் அனுப்பிக் கூட்டிப் போவார்கள். ஜெயித்துக்கொண்டு வந்த எவர்சில்வர் குடத்தில்தான் அத்தை இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறார். குடத்தின் கதை எதுவும் ஊருக்கு நினைவில்லை. சாண் மட்டும் நாற்பது வருஷமாக நிற்கிறது.

2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டு மாமாவோடு பூஞ்சேரி கூட்ரோட்டுக்குப் போயிருந்தேன். 44வது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்துகொண்டிருந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி. உக்ரைன் மீது படையெடுத்த பிறகு அது அங்கிருந்து எடுக்கப்பட்டு, நாலு மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் உக்ரைனுக்கே போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, குதிரை முகமும் வேட்டி சட்டையுமாகக் கைகூப்பி நின்ற 'தம்பி'யை மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் முப்பது வருஷம் மெருகு வேலை பார்த்தவர். எந்தப் பொம்மையைக் கண்டாலும் முதலில் அதன் கை விரல்களைத்தான் பார்ப்பார்.

அரங்கத்துக்குள் போக முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் கைப்பேசியில் நேரலை பார்த்தோம். சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில் நடக்கும் ஆட்டத்தை இந்தப் பக்கம் கையகலத் திரையில் பார்ப்பது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மாலையை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்று பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. தரவரிசையில் 11வது இடத்தில் தொடங்கிய இந்திய இளைஞர் அணியை ஆர்.பி. ரமேஷ் வழிநடத்தினார். முதல் பலகையில் பதினாறு வயது குகேஷ். ஆடிய முதல் எட்டு ஆட்டத்திலும் வெற்றி. எட்டாவது வெற்றி அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவை வீழ்த்தியது. அன்றைக்கு எதிரே பதினேழு வயது அப்துசத்தோரோவ். இன்னொரு பலகையில் பிரக்ஞானந்தா ஜெயித்துவிட்டார். குகேஷ் தோற்காமல் இருந்தாலே உஸ்பெகிஸ்தானை வென்று தங்கத்தை நெருங்கிவிடலாம். அவரோ ஒரு கட்டத்தில் ஜெயிக்கும் நிலையிலேயே இருந்தார்.

மாமாவுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் முகத்தைப் படிக்கத் தெரியும். இருட்டி வெகுநேரமாகியிருந்தது. கையில் இருந்த வெற்றி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடிகாரத்தில் நேரமும் கரைந்து, கடைசியில் ஒரே ஒரு நகர்வில் எல்லாம் முடிந்தது. மொத்தம் 2-2. குகேஷ் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தப்புடா பண்ணான் அந்தப் பையன்?"

"ஒரு காய மாத்தி வெச்சிட்டாரு மாமா."

"எடுத்துத் திரும்ப வைக்கக் கூடாதா?"

"கூடாது. தொட்டா ஆடணும், வெச்சா வெச்சதுதான்."

"உளி மாதிரி" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "நாளைக்கி ஆட்டம் இருக்கா?"

"இருக்கு. காலைல பத்து மணிக்கே."

"அப்ப அவனுக்கு யாராவது சோறு போட்டுத் தூங்க வைக்கணும். யாரும் அவன்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாது, இன்னைக்கு."

திருக்கழுக்குன்றம் போகும் பஸ்ஸில் அவருக்கு பில் பக்னரின் கதையைச் சொன்னேன். பேஸ்பால் எனக்குப் பழக்கமான ஆட்டம் இல்லை. 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தை ஏ.ஆர். ரஹ்மான் இசைக்காகப் பார்க்கப் போய், அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தவன் நான். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட கதை அது. அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததில், மனதை விட்டு நீங்காதவர் பக்னர்.

1986 அக்டோபர் 25, நியூயார்க். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. அன்று ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 என்று முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் அவுட், களத்தில் ஓடுவதற்கு ஆள் இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் போதும். அங்கிருந்துதான் சரிந்தது. அடுத்தடுத்து மூன்று அடிகள், 5-4. பிறகு பந்து வீசியவர் எறிந்த பந்து பிடிப்பவர் கையில் சிக்காமல் போனதில் ஒருவர் ஓடி வந்துவிட்டார், 5-5. அதற்கும் பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த பந்து தரையோடு உருண்டு முதல் பேஸ் பக்கம் வந்தது. கெட்டுப்போன கணுக்கால்களோடு அங்கே நின்ற பக்னர் குனிந்தார். பந்து அவர் கால் இடுக்கில் புகுந்து பின்னால் போய்விட்டது. 6-5.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பக்னர் அந்தப் பந்தைப் பிடித்திருந்தாலும் பாஸ்டன் ஜெயித்திருக்காது, ஆட்டம் சமநிலையில் தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான். முன்னிலையைக் கோட்டைவிட்டது அவர் இல்லை. அது தவிர, இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்தது. அதிலும் பாஸ்டன் முன்னிலை பெற்றுத் தோற்றது. இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இருபத்திரண்டு பருவங்கள் ஆடி 2,715 ஹிட் அடித்தவர், 1980இல் தேசிய லீகின் முதல் மட்டையாளராக வந்தவர். ஊர் கேலிக்கு அஞ்சியும் மனம் சலித்தும், கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் போய்க் குடியேறினார். பாஸ்டனில் ஒரு தலைமுறைக்கே தோல்வி என்றால் அவர் முகம்தான்.

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவந்தார். கணுக்கால் என்று சொன்ன இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் அவர அந்த ஊருக்காரங்க கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்க மாமா. 2008ல. முதல் பந்து எறியச் சொன்னாங்க. மைதானமே எழுந்து நின்னு கை தட்டிச்சு. அவர் அழுதுட்டாரு."

"இருவத்திரண்டு வருஷமா ஆச்சு?"

"ஆமா."

குன்றத்து மேலே கோயில் விளக்கு தெரிய ஆரம்பித்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பந்தை அடித்த வில்சனும் பக்னரும் பிற்பாடு நண்பர்களானார்கள் என்பதையும் சொன்னேன். "பின்ன? அவனுக்குத்தானே தெரியும், இவன் எப்படி ஆடுவான்னு" என்றார். எனக்கு அது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. மாமாவின் கணுக்காலைப் பிடித்த அந்த ஆள், செய்யூர் பக்கத்துக்காரர், ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்புக் கட்டோடு மாமா வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார். எங்கள் கல்யாணங்களில் பந்தி பரிமாறியிருக்கிறார். சின்ன வயதில் அவரை உறவுக்காரர் என்றே நினைத்திருந்தேன். மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மிகச் சிலரில் அவர் ஒருவர்.

மறுநாள் குகேஷ் ஆட வந்தார். ஜெர்மனியின் கைமரோடு டிரா செய்தார். அணி 3-1 என்று ஜெயித்து வெண்கலம் பெற்றது. 11 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்து முதல் பலகையின் தனிநபர் தங்கத்தை அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில், முதன்முறையாக இந்தியாவுக்கு ஓபன், பெண்கள் என இரண்டு பிரிவிலும் தங்கம் வந்தபோது, பூஞ்சேரியில் கைநழுவியதை அவர் நினைவுகூர்ந்தார். மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினாலாவது ஆட்டம், கடைசி ஆட்டம். குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55வது நகர்வாக டிங் யானையை ஒரு கட்டத்தில் வைத்தார். சிங்கப்பூரிலிருந்து நேரலை சொன்னவர்களின் குரல் மாறியது. குகேஷ் சற்று நேரம் நம்ப முடியாமல் பலகையையே பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார். சில நகர்வுகளில் டிங் கை கொடுத்துவிட்டார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். குகேஷ் விம்மி விம்மி அழுததை நாடே பார்த்தது.

எனக்குக் கை நடுங்கியது. மாமாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். அவர் வீட்டு டிவியில் செய்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, நம்ம பூஞ்சேரிப் பையன்!"

"பாத்தேன், பாத்தேன். நல்லா இருக்கட்டும்" என்றார். குரல் கம்மியிருந்தது. கொஞ்சம் நிறுத்தி, "அந்தச் சீனாக்காரப் புள்ள எங்க போச்சு? டிவில அவனக் காட்டவே மாட்டேங்கறாங்களே" என்றார்.

"கை குலுக்கிட்டுப் போய்ட்டாரு மாமா."

"கூட யாருனா போனாங்களா?"