கோர்ன்வாலிற் பசியாறுமிடங்கள்

இங்கிலாந்தில் உண்பதற்கு உருளைக்கிழங்கையும் பாணையும் விட்டால் வேறென்ன உண்டு என்று கேட்போர் நம்மவருட் பலர். இலண்டனில் வாழும் உற்றார் வீடுகளுக்குச் செல்வோர் அங்கும் சோறுங் கறியுமே உண்டு மீள்வதால், அந்நாட்டாரின் அடுப்பங்கரையை அறியாமலே திரும்பிவிடுகின்றனர். அத்தகையோர் ஒரு முறையேனும் கோர்ன்வால் மாவட்டத்துக்குச் சென்று பார்த்தல் நன்று.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிற் கடலுள் நீண்டு கிடக்கும் நிலம் அது. மூன்று புறமுங் கடல். கிழக்கே பெரும்பாலும் தேமர் ஆறே எல்லை. இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து புகையிரதத்திற் புறப்பட்டால், 1859ஆம் ஆண்டிற் புறூணல் என்னும் பொறியியலறிஞர் அமைத்த பாலத்தின்மீது தேமரைக் கடந்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்திற் பென்சான்ஸ் நகரை அடையலாம். இம்மக்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த தொழில்கள் இரண்டு: நிலத்தைக் குடைந்து வெள்ளீயமுஞ் செம்பும் எடுத்தல், கடலிற் சென்று மீன் பிடித்தல். இன்று பயணிகள் விரும்பி உண்ணும் பண்டங்களுட் பல இவ்விரு தொழிலாளரின் பசிக்கெனப் பிறந்தவையே.

சுரங்கத்தார் கட்டுச்சோறு

முதலிற் சொல்லத்தக்கது ‘பாஸ்டி’. நமது கடைகளில் விற்கும் பற்றீஸின் மூத்த அண்ணன் என்று இதனைச் சொல்லலாம். மாவைத் தட்டி, அதனுள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அங்குள்ளோர் ‘டேர்னிப்’ என்றழைக்கும் மஞ்சட் கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி வெதுப்புவர். இருளிலே பாறை பிளப்பவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு முழுவதும் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. யாருடையது என்று அறிய, மூலையிற் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தலும் உண்டு. சுரங்கத்து நஞ்சு கையிற் பட்டிருக்குமாதலால் முறுக்கிய ஓரத்தை எறிந்துவிடுவர் என்று ஒரு கதை வழங்குகிறது. பழைய நிழற்படங்களிலோ சுரங்கத்தார் அதனைத் துணிப்பையிற் பற்றிக்கொண்டு கடைசித் துணுக்குவரை உண்பதைக் காணலாம்.

2011ஆம் ஆண்டிலிருந்து ‘கோர்னிஷ் பாஸ்டி’ என்னும் பெயருக்குச் சட்டக் காப்பு உண்டு. கோர்ன்வாலிலேயே செய்யப்பட வேண்டும். இறைச்சி நூற்றுக்கு 12.5 பங்கிற்கும் மரக்கறி 25 பங்கிற்குங் குறையலாகாது. மாட்டிறைச்சி விலக்குவோருக்குப் பாற்கட்டியும் வெங்காயமும் வைத்த பாஸ்டி பல கடைகளிற் கிடைக்கும். எனினும் மாவிற் சேர்த்த கொழுப்பு எது என்று கேட்டு வாங்குதல் நலம். ஹேல் ஊரிலுள்ள பிலிப்ஸ் வெதுப்பகம் இதற்குப் பெயர்பெற்றது. கடற்கரையில் நின்று உண்போர் தலைக்கு மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். நம்மூர்க் காகங்கள் கற்காத களவுகளை அவ்வூர்க் கடற்பறவைகள் கற்றிருக்கின்றன.

சென்ற நூற்றாண்டுக்கு முன்னரே செம்பின் விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கின. மக்கள் அவுஸ்திரேலியாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் சென்றனர். மெக்சிக்கோவின் இடால்கோ மாநிலத்திலே இன்றும் பாஸ்டி செய்து விற்கின்றனர். கோர்ன்வாலில் எஞ்சியிருந்த சௌத் குறொவ்ற்றி வெள்ளீயச் சுரங்கமும் 1998இல் மூடப்பட்டது. தொழில் போன பின்னும் பாஸ்டி நிலைத்தது.

பாலாடையுந் தேநீரும்

மாலைப் பொழுதில் எந்தச் சிற்றூர்த் தேநீர்ச்சாலையிலும் ‘கிறீம் ரீ’ கேட்கலாம். ‘ஸ்கோன்’ என்னும் சிறு பணிஸ், பழப்பாகு, கட்டிப் பாலாடை, ஒரு குடுவைத் தேநீர் என்பன ஒருங்கே வரும். பாலாடையை மெல்லிய சூட்டிற் பல மணி நேரம் வைத்து ஆறவிட, மேலே பொன்னிற ஏடு படியும். நூற்றுக்கு 55 பங்கேனும் கொழுப்பு இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகையால் வயிற்றின் அளவறிந்து உண்க. கோர்ன்வாலார் பழப்பாகை முதலிலும் பாலாடையை அதன் மேலும் இடுவர். அயல் மாவட்டமான டெவனில் முறை தலைகீழ். இதுபற்றி இரு மாவட்டத்தாரும் செய்யும் வாதம் முடிவதில்லை.

தேநீரைப் பற்றி நமக்கு ஒரு புதுமை. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துறையிலே தேயிலை பயிரிட்ட நாட்டினர் நாம். திறூறோ நகருக்கு அண்மையிலுள்ள திறிகோத்னன் பண்ணையிலே ஆங்கில மண்ணில் விளைந்த தேயிலை 2005ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. கடற்காற்றின் ஈரமும் கடுங்குளிரின்மையும் அச்செடிக்கு உதவுகின்றன.

கடல் தரும் உணவும் கடல் கொண்ட உயிரும்

முற்காலத்திற் சாளை இனத்து மீன் பெருந்திரளாகக் கரை நோக்கி வரும். குன்றின் மேற் காவல் நிற்பவன் நீரின் நிறமாற்றத்தைக் கண்டு ‘ஹெவா, ஹெவா’ என்று கூவ, ஆடவர் வள்ளங்களுக்கு ஓடுவர். அக்குரலைக் கேட்ட பெண்கள், உலர்ந்த முந்திரிகை சேர்த்த தட்டைக் கேக்கை அடுப்பில் ஏற்றுவராம். வலைக்கண் போன்ற கீறல்களுடன் ‘ஹெவா கேக்’ இன்றும் வெதுப்பகங்களில் விற்கிறது. காவலர் நின்ற பழைய குடிலை நியூகீயிற் காணலாம்.

இன்று மீனுக்குப் பெருந்துறை நியூலின். அதன் அருகே மௌசல் என்னுஞ் சிறு துறை உண்டு. அங்கே டிசெம்பர் 23ஆந் திகதி ‘ஸ்ரார்கேசி பை’ என்னும் பண்டம் செய்வர். மாவுறையைத் துளைத்து மீன்றலைகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். புயலால் ஊர் பட்டினி கிடந்த காலத்திலே தனியொருவன் கடலேறி மீன் கொணர்ந்தான் என்ற கதையின் நினைவாக ‘ஷிப் இன்’ என்னும் விடுதியில் அது பரிமாறப்படுகிறது.

அக்கதையை வெறுங்கதையென்று நகைத்தல் அவ்வூரில் இயலாது. 1981 டிசெம்பர் 19ஆந் திகதி இரவு, புயலிற் சிக்கிய கப்பலொன்றிலிருந்தோரை மீட்க ‘சொலமன் பிறவுண்’ என்னும் உயிர்காப்புப் படகு சென்றது. அதிற் சென்ற தொண்டர் எண்மரும், கப்பலிலிருந்த எண்மரும் மாண்டனர். அவ்வெண்மருள் ஒருவர் ‘ஷிப் இன்’ விடுதியை நடத்தியவர். ஆண்டுதோறும் அந்நாளில் துறையின் நத்தார் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கின்றனர். அவ்விடுதியில் அமர்ந்து மீன் உண்போர் இதனை அறிந்து உண்ணல் வேண்டும்.

விடுதிகளும் விலைகளும்

அங்குள்ள ‘பப்’ நமது தவறணை போன்றதன்று. பகலிற் குடும்பத்தோடு சென்று உணவு கொள்ளலாம். மதுவருந்தாதோர் பழச்சாறு கேட்டால் எவரும் வியப்பதில்லை. ஹெல்ஸ்ரன் நகரின் ‘புளூ அங்கர்’ பல நூற்றாண்டுப் பழமையுடையது. ‘ஸ்பிங்கோ’ என்னும் பியரை அங்கேயே வடிக்கின்றனர். பாற்கட்டியில் ‘யார்க்’ என்பதைச் சுவைத்தல் தகும். நாம் வாழையிலையிற் பொதிவதுபோல் அதனைக் காஞ்சொறி இனத்து இலையாற் பொதிந்து முதிரவிடுவர்.

பெரும்பொருள் செலவிட்டு உண்ண விரும்புவோர் பாட்ஸ்ரோவுக்குச் செல்வர். 1975இல் றிக் ஸ்ரெயின் அங்கே மீனுணவுச்சாலை ஒன்றைத் திறந்தார். அவர் புகழாற் பயணிகள் பெருகவே, ஊரின் பெயரையே ‘பாட்ஸ்ரெயின்’ என்று திரித்துக் கேலி செய்வோரும் உளர்.

இப்பெருக்கத்துக்கு மறுபுறமும் உண்டு. கோடையில் மட்டும் வந்து தங்குவோர் வீடுகளை வாங்குவதால் விலை ஏற, மீன் பிடிப்போனும் உணவு பரிமாறும் பெண்ணும் தம் ஊரிலே வீடு கொள்ள இயலாதவராகின்றனர். 2016இல் சென்ற் ஐவ்ஸ் நகரத்தார், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாக அங்கு வாழ்வோருக்கே உரியனவாதல் வேண்டும் என்ற திட்டத்துக்கு நூற்றுக்கு 83 பேர் என்ற அளவில் வாக்களித்தனர். சுரங்கமும் சாளையும் போன பின் பயணிகளே அம்மாவட்டத்துக்குப் பிழைப்பு. அப்பயணிகளாலேயே மக்கள் இடம்பெயரவும் நேர்கிறது.

ஆகையால், அங்கு செல்லும் மாணவரும் குடும்பத்தினரும் நெரிசல் மிக்க ஓகஸ்ற் மாதத்தைத் தவிர்த்து, மே, யூன் அல்லது செப்ரெம்பரிற் செல்க. மாரியிற் பல கடைகள் மூடியிருக்கும். பாஸ்டியை ஊர் வெதுப்பகத்திலும் மீனைத் துறையருகேயுள்ள கடையிலும் வாங்குக. ஊரார் வரிசையில் நிற்கும் கடையைத் தேடி அவ்வரிசையில் நாமும் நிற்போமாயின், நல்ல உணவு கிடைக்கும்; நாம் கொடுக்கும் காசும் அவ்வூரிலேயே தங்கும்.