மிஞ்சும் வெளிச்சம்

6×6 ஃபிலிமுக்கென்று செய்த லென்ஸ் உள்ளே விழவைக்கும் பிம்பம் கிட்டத்தட்ட 80 மி.மீ. குறுக்களவுள்ள வட்டம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைவிட்டமோ 43 மி.மீ.தான். பரப்பளவில் பார்த்தால் வட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் சென்சார் எடுத்துக்கொள்கிறது. மீதி வெளிச்சம் எங்கே போகிறது? அடாப்டர் போட்டு மீடியம் ஃபார்மட் லென்ஸ் பயன்படுத்துகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது வேறு: 80 மி.மீ. லென்ஸ் சின்ன கேமராவில் எத்தனை மி.மீ. ஆகும்? எதுவும் ஆகாது. 80 என்றால் 80தான். 6×6-இல் அது நார்மல் லென்ஸ். இங்கே முகங்கள் எடுக்கத் தோதான குட்டி டெலி.

நான் புழங்குவது கிழக்கு ஜெர்மனியில் பென்டகான் சிக்ஸ் கேமராவுக்காக வந்த கார்ல் ஸைஸ் யேனா லென்ஸ்கள்: பயோமெட்டார் 80, ஃபிளெக்டகான் 50, சோனார் 180. அந்த கேமராவில் மவுண்ட்டிலிருந்து ஃபிலிம்வரை 74.1 மி.மீ. தூரம், நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5. வித்தியாசமான 27.6 மி.மீ.யை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும், கண்ணாடி வேண்டாம். இந்த ஒட்டுவேலை நம் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. யேனாவே 180 சோனாருக்கு 35 மி.மீ. கேமராக்களில் மாட்ட அடாப்டர் கொடுத்தது. சோனார் 180 என்ற குடும்பமே 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி, கான்டாக்ஸ் என்ற 35 மி.மீ. கேமராவுக்காகப் பிறந்தது, போருக்குப் பிறகுதான் பெரிய ஃபிலிமுக்குப் போனது. அதைச் சின்ன கேமராவில் மாட்டும்போது பிறந்த வீட்டுக்கே கூட்டிவருகிறோம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

வெற்றுக் குழாய்தானே என்று விலை குறைந்ததை வாங்கிவிடக் கூடாது. தடிமன் 0.1 மி.மீ. கூடினாலே 80 மி.மீ. லென்ஸ் 64 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது; 50 என்றால் 25 மீட்டரோடு நின்றுவிடும். அதனால் பலர் கொஞ்சம் மெலிதாகவே கடைகிறார்கள். லென்ஸில் பொறித்த தூர அளவுகள் பொய்யாகுமே தவிர, மலை தெளிவாக விழும். அதைவிட மோசம், இரண்டு முகங்களும் இணையாக இல்லாதது. செங்கல் சுவரை நேராக நின்று முழு அப்பர்ச்சரில் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்பர்ச்சரைக் கையால் சுருக்குவது, லைவ் வியூவில் ஃபோகஸ் பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மிஞ்சும் வெளிச்சத்துக்கு வருகிறேன். கேமராவிலிருந்து லென்ஸை அடாப்டரோடு கழற்றி, ஜன்னலை நோக்கிப் பிடித்து, பின்பக்கமாக உள்ளே பாருங்கள். கறுப்பு என்று நினைத்த குழாயின் சுவர் எவர்சில்வர் டம்ளரின் உட்புறம்போலப் பளபளக்கும். நேராகப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும் பெயின்ட், சாய்வாக வரும் ஒளிக்குக் கண்ணாடியாகிவிடுகிறது. அந்தப் பளபளப்புதான் படம் முழுக்க மெல்லிய பால்போலப் படர்ந்து நிழல்களை வெளிறவைக்கிறது. ‘பழைய லென்ஸ், கான்ட்ராஸ்ட் குறைவு’ என்று பலர் ஒதுக்குவதில் பாதிப் பழி குழாயைச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு. கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை அளவாக வெட்டி உள்சுவரில் ஒட்டினால், அதே பயோமெட்டார் வேறு லென்ஸாகத் தெரிகிறது. ஓரத்தில் நார் பிரியாமல் வெட்ட வேண்டும். பிரிந்த நார் சென்சாரில்தான் போய் உட்காரும். ஹூட்டும் மாற வேண்டும். லென்ஸோடு வந்த ஹூட் 6×6 சட்டத்தின் அகலப் பார்வைக்கு ஆனது. சின்னச் சட்டத்துக்கு அதைவிட நீளமானதைத் தாராளமாகப் போடலாம்.

அதே மிச்சம்தான் வரமும். ஷிஃப்ட் அடாப்டரில் லென்ஸ் பக்கவாட்டில் நகர்ந்தாலும் சென்சார் பிம்ப வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டு முகப்புகளை ஃபிளெக்டகானில் எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் லென்ஸை மேலே நகர்த்துகிறேன். தூண்கள் சாயாமல் நிற்கின்றன. இடம் 10, நடு, வலம் 10 மி.மீ. என்று மூன்று படம் எடுத்து ஒட்டினால் அகலம் 56 மி.மீ. ஆகிறது, 6×6 நெகட்டிவின் அதே அகலம். லென்ஸ் நகர்ந்த அளவுக்கு ட்ரைபாடில் கேமராவை எதிர்ப்பக்கம் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் முன்திண்ணைத் தூணும் பின்னாலுள்ள கதவும் ஒட்டுமிடத்தில் பொருந்தாது.

மீடியம் ஃபார்மட்டின் ‘அந்த லுக்’ லென்ஸோடு கூடவே வரும் என்பதை நான் ஏற்கவில்லை. அது பெரிய சட்டத்தால் வருவது. சின்ன சென்சாரில் 80/2.8 எந்த 80/2.8 லென்ஸும் தரும் ஆழத்தையே தரும். நடுவில் கூர்மையும், 35 மி.மீ.க்கென்றே செய்த இன்றைய நல்ல லென்ஸைவிடக் குறைவாகவே இருக்கலாம். கிடைப்பது, நடுவிலிருந்து மூலைவரை வெளிச்சமும் கூர்மையும் பெரிதாக மாறாத ஒரு சமநிலை. முகத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வைக்க விரும்புகிற எனக்கு அது பெரிய விஷயம்.

மிரர்லெஸ் கேமராவில் இன்னொரு வழி உண்டு: ஃபோகல் ரெடியூசர். 0.7 மடங்கு கண்ணாடி பரந்த வட்டத்தைச் சுருக்கித் தருவதால் 80/2.8 லென்ஸ் 56/2 ஆகிறது, வீணாகும் வெளிச்சத்தில் கணிசமான பங்கு சென்சாருக்கே வந்துசேருகிறது. மாலை வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுக்க அதைப் போடுகிறேன். முகப்புகளுக்குப் போகும்போது வெல்வெட் ஒட்டிய குழாய்தான், ரெடியூசரில் வட்டம் 56 மி.மீ.க்குள் சுருங்கி ஷிஃப்டுக்கு இடம் குறைந்துவிடுவதால்.