மூன்றாவது முனை

கவிதையில் ஒழுங்கு கேட்பவர்கள் மனத்தில் இருப்பது தறியின் ஒழுங்கு. ஊடைக்கு மேலே ஒரு பாவிழை போனால் அடுத்தது கீழே. அடுத்த ஊடைக்கு இதுவே தலைகீழ். அண்டை அணுவுக்கு எதிர்த்திசையில் நிற்க விரும்பும் காந்த அணுக்களும், சதுரக் கட்டத்தில், குளிர்ந்ததும் இப்படித்தான் அடங்கிவிடுகின்றன.

நான் இருக்கும் திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அணுக்களும் மூன்றாகக் கூடினால் கணக்குக் கெடுகிறது. முக்கோணத்தின் ஒரு முனை மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. மூன்றாவது எங்கே திரும்பினாலும் ஒருவரோடு உடன்பட்டாக வேண்டும். இந்த இரண்டே திசை கொண்ட முக்கோணப் பின்னல் தனிச்சுழி வெப்பத்திலும் ஒழுங்குபடாது என்று 1950இல் வானியர் நிரூபித்தார். இதற்கு 1977இல் டூலூஸ் வைத்த பெயர் ஃப்ரஸ்ட்ரேஷன். விரக்தி என்று தமிழாக்கினால் அணுவுக்கு மனோவியாதி வந்துவிடும். முட்டுப்பாடு என்கிறேன்.

டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் என்ற ஆக்ஸைடில் முக்கோணத்துக்குப் பதில் நான்முகி. நான்கு முனைகளில் இரண்டு உள்நோக்க வேண்டும், இரண்டு வெளிநோக்க வேண்டும். இதை ஆறு விதமாக நிறைவேற்றலாம். எதற்கும் முன்னுரிமை இல்லை. பனிக்கட்டியின் ஹைட்ரஜனுக்கும் இதே விதிதான். அதில் எஞ்சும் என்ட்ரோபியை 1935இல் பாலிங் கணக்கிட்டிருந்தார். பெல் ஆய்வகத்து ராமிரெஸ், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் சித்தார்த்தன், ஸ்ரீராம் சாஸ்திரி முதலானோர் 1999இல் இந்த ஆக்ஸைடில் கண்டதும் ஏறக்குறைய அதே எண்.

ஒவ்வொரு நான்முகியும் விதிக்குக் கட்டுப்பட்டது. முழுமைக்கோ ஒற்றை உருவம் கிடையாது. இதைக் குழப்பம் என்று யார் சொல்வது? எங்கள் வட்டத்தில் ஒருவரின் நீள்கவிதையைச் 'சிதறல்' என்று ஒதுக்கினார்கள். அதில் ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியோடு கறாராகக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. அதனிடம் மொத்தச் சட்டகம் கேட்பது தறியின் கேள்வி.

ஒதுக்கியவரிடமே இதைச் சொன்னேன். "அவசரப்பட்டு அளந்திருப்பார்கள். காத்திருந்தால் ஒழுங்கு வரும்" என்றார். அசட்டை செய்யக்கூடிய வாதமல்ல. 2013இல் ஒரு குழு மிக மெதுவாக அளந்து, அந்த மிச்சம் கரைவதாக அறிவித்தது. 2018இல் இன்னொரு குழு 0.35 கெல்வினில் பத்து லட்சம் விநாடி, அதாவது பதினொன்றரை நாள், பொறுத்திருந்து நியூட்ரான்களைக் கொண்டு பார்த்தது. விதி தளரவில்லை, ஒழுங்கும் வரவில்லை. 1999இன் எண் சாராம்சத்தில் சரியே என்றார்கள். ஆனால் 0.15 கெல்வினை ஒட்டி ஒழுங்கு பிறக்கும் என்று கோட்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் அணுக்கள் திரும்புவதே அபூர்வம்.

நண்பர் அந்த 0.15ஐ விடுவதாக இல்லை.