தாங்குதலும் தூக்குதலும்

ஒரு பொருளை வாங்கச் செல்வோர் அதன்மேற் பொறித்துள்ள எண்ணையே முதற்கண் நோக்குவர். கனத்த மின்சாரச் சைக்கிளை வீட்டிலேயே பழுதுபார்த்தற்கு உதவும் தாங்கியொன்று வாங்க எம் வீட்டார் முற்பட்டபோது, சென்னையிலுள்ள எம் சிற்றப்பா தெரிவித்த யோசனையும் அவ்வெண்ணைப் பற்றியதே. "45 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்பது அவர் கருத்து. அதனைக் கேட்ட எம் பாட்டனார், "தம்பி, அது தாங்கும் என்பது சரி. அந்த உயரத்துக்குச் சைக்கிளைத் தூக்கி மாட்டுவது யார்? அதுவும் அதில் போட்டிருக்கிறதா?" என்று எம்மை வினவினார். அவ்வினாவை யாம் ஆராய்ந்தறிந்த வகையினை, இத்தகைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கட்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் பாட்டனார் நாற்பதாண்டு சைக்கிள் கடை நடத்தியவர். இப்பொழுது அவருக்கு அகவை எழுபத்திரண்டு. முதுகெலும்பின் வட்டு விலகியமையால், குனிந்து கனம் தூக்கலாகாதென்று மருத்துவர் விலக்கிவிட்டார். எம் அன்னையாரோ ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மின்சாரச் சைக்கிளிற் சென்று கற்பித்து வருபவர். அவ்வண்டியின் பின்சக்கரத்து ஹப்பிலேயே மோட்டார் அமைந்துள்ளது. அத்தகைய சக்கரத்தைக் கழற்றி மாட்டுவோர் எம் ஊரில் இலர். சிறு பழுதாயினும் வண்டியை ஆட்டோவில் ஏற்றிப் பதினான்கு கிலோமீட்டர் அப்பாலுள்ள நகருக்கு அனுப்ப வேண்டும். அன்று அன்னையார் பேருந்துக்குக் காத்து நின்று பள்ளிக்குப் பிந்திச் செல்ல வேண்டும். தொழிலறிந்தவர் வீட்டினுள் இருந்தும், தூக்க மாட்டாமை ஒன்றே காரணமாக, ஓராண்டுக் காலம் தம் ஸ்பானர்ப் பெட்டியைத் திறவாதிருந்தார். ஆதலின், எமக்குத் தாங்கி என்பது வெறும் இரும்புச் சட்டம் அன்று. ஒரு முதியவர் தம் தொழிலுக்கு மீளுதலும் மீளாமையும் அதனைப் பொறுத்திருந்தன.

முதலில் வண்டியின் கனத்தை அறிதல் வேண்டும். அரிசிக் கடைத் தராசில் நிறுத்தபோது எம் வண்டி பாட்டரியோடு 26 கிலோ இருந்தது. பாட்டரியைக் கழற்றிய பின் 23 கிலோ. மின்சாரச் சைக்கிள்கள் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். சுமையேற்றும் வகை இன்னும் மிகும். மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வண்டிகள், பாட்டரி நீங்கலாக 60 கிலோ வரை இருக்கலாமென்று நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் இடந்தருகின்றன.

'25 கிலோ அரிசி மூட்டையை நாம் தூக்குவதில்லையா?' என வினவுவாரும் உளர். மூட்டையை மார்போடணைத்துத் தூக்கலாம். சைக்கிளை அங்ஙனம் அணைத்தல் இயலாது. பெடலும் ஹேண்டில்பாரும் இடைநின்று அதனை உடம்பினின்றும் விலக்கும். அமெரிக்க நாட்டுத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாம் ஏற்றவாறு அமைந்தவிடத்தும் ஒருவர் தூக்கத்தக்க கனம் 23 கிலோவே. அதுவும் கணுக்கால்களினின்று 25 செண்டிமீட்டர் தொலைவிற் சுமை இருக்கும்போதுதான். தொலைவு 50 செண்டிமீட்டராயின் அவ்வளவு பாதியாகக் குறையும். நலமுடைய இளைஞர்க்கும் கடினமாய செயலை நோயுற்ற முதியவர்பால் எதிர்பார்த்தல் தகுமோ?

இனித் தாங்கிகளின் வகையைக் காண்போம். ஒன்றும் வாங்காது வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தல் பழைய வழக்கம். மின்சாரச் சைக்கிளில் ஹேண்டில்பாரின்மேல் அமைந்த சிறு திரையும் விசைகளும் நசுங்கும். எண்ணெயால் இயங்கும் பிரேக்காயின் அதன் குழாயினுட் காற்றுப் புகவுங்கூடும். அன்றியும், கவிழ்ப்பதற்கும் தூக்கியே ஆகவேண்டும். பெடல் அச்சின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்கும் வகை மற்றொன்று. அவ்விடத்தே மோட்டார் அமைந்த வண்டிகட்கு அஃது ஒவ்வாது. கனமெல்லாம் மோட்டாரின் கூட்டின்மேல் விழும். பின்சக்கரத்தைத் தரையினின்று நான்கு விரல் உயர்த்தும் குட்டைத் தாங்கி எளியது. செயினுக்கு எண்ணெயிடவும் கியரைச் சரிசெய்யவும் போதியது. ஆனால் அதன்முன் குனிந்தே வேலை செய்ய வேண்டும்.

குனிதலை ஒழித்தற்கென்றே உயர்ந்த தாங்கி தோன்றிற்று. அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரிற் சைக்கிள் கடை வைத்திருந்த ஹோவர்டு ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்டிராம் என்னும் இருவர், குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்து சலித்துத் தாமே ஒரு தாங்கியை ஆக்கினர். அதனின்றே 1963-இல் பார்க் டூல் என்னும் நிறுவனம் எழுந்தது. அவர் காலத்து வண்டியை ஒருவர் எளிதிற் தூக்கி மாட்டலாம். இற்றை வண்டிக்கோ, முதுகைக் காக்க வந்த கருவியே அதனை வருத்துவதாய் முடியும். இக்குறை தீரக் கைநெம்பாலோ மின்விசையாலோ தானே உயரும் தாங்கிகள் இப்பொழுது விற்கின்றன. வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே கவ்வச் செய்து, பின்னர் உயர்த்தலாம். அவை எம் வீட்டு வருவாய்க்கு எட்டாத விலையின.

எனவே, பாட்டனார் இரு தொழிலையும் இரு கருவிகட்குப் பகிர்ந்தளித்தார். நிலைநிறுத்துதற்கு மூன்று கால்களையுடைய சாதாரணக் கவ்வுத் தாங்கி வாங்கினோம். மூன்று கால்கள் மேடுபள்ளமான தரையிலும் ஆடாது அமரும். நான்காயின் ஒன்று அந்தரத்தில் நிற்கும். தூக்குதற்குத் தார்சாவின் உத்திரத்தில் இரட்டைக் கப்பி கட்டினோம். நிலைத்த கப்பி ஒன்றும் இயங்கும் கப்பி ஒன்றும் கூடியவிடத்து 23 கிலோ கனத்திற்கு ஏறத்தாழ 12 கிலோ இழுப்பே வேண்டும். உராய்வால் அது சிறிது மிகும். ஒரு முழம் உயர்த்த இரண்டு முழக் கயிற்றை இழுத்தல் அதற்கீடு. முதலில் உத்திரத்தில் இரண்டு அரிசி மூட்டைகளை ஓரிரவு முழுதும் தொங்கவிட்டுச் சோதித்தோம். "மாமா, கயிற்றை நான் இழுக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னால் போதும்" என்றார் அன்னையார்.

கவ்வும் இடமும் கருதத்தக்கது. பிரேமின் மேற்குழாயைக் கவ்வின் மெல்லிய குழாய் நசுங்கும். கார்பன் பிரேமாயின் வெடிப்பும் நேரும். ஆதலின் ஆசனத்தைத் தாங்கும் தண்டையே கவ்வுதல் நன்று. அத்தண்டு உள்ளிழுத்து நீளும் வகையாயின் அதன் பளபளப்பான மேற்பகுதியைத் தொடலாகாது. கனம் தாங்கியின் நடுக்கம்பத்துக்கு எவ்வளவு அணித்தாகுமோ அவ்வளவு நன்று. அரை மீட்டரிற் தொங்கும் வண்டி கால் மீட்டருக்கு வருமாயின் சாய்க்கும் விசை பாதியாகும். எம் வண்டியின் கனம் பின்பக்கத்தே மிகுந்திருத்தலின், கப்பியின் கொக்கியையும் ஆசனத்துக்கு அணித்தாகவே மாட்டினோம். கவ்விய பின்னும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும்.

வேலை தொடங்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுதல் பாட்டனார் விதித்த கட்டளை. கனம் குறைவதோடு, கை தவறி விசையைத் தொட்டாலும் சக்கரம் சுழன்று விரலைக் கெடுக்காது. மோட்டார்ச் சக்கரத்தைக் கழற்றுமுன் அதன் மின்கம்பி இணைப்பைப் பிரித்தல் வேண்டும்; அச்சின் வாஷர்கள் இருந்த முறையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். பஞ்சராயின் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றவே வேண்டா. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபின் ஓட்டையுள்ள பகுதியை மட்டும் வெளியிழுத்து ஒட்டலாம்.

இப்பொழுது பாட்டனார் முக்காலியில் நிமிர்ந்திருந்து வேலை செய்கின்றார். அன்னையார் பிரேக்குக் கட்டைகளை மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் அவரிடமே பயின்றுவிட்டார். பாட்டனார் எந்நாளும் உடனிருத்தல் இயலாதென்பதனை அவ்விருவரும் அறிவர். ஆயினும் அதுபற்றிப் பேசுவதில்லை. சென்ற திங்களில் அண்டை ஊரினின்று ஒருவர் தம் வண்டியைக் கொணர்ந்தார். கூலி வாங்க மறுத்த பாட்டனார், அவர் சென்றபின் பழைய கடையின் பெயர்ப்பலகையைப் பரணினின்று எடுத்துத் துடைத்து வைக்குமாறு எம்மைப் பணித்தார்.

தாங்கி வாங்கக் கருதும் நண்பர்காள்! அதன்மேற் பொறித்த எண்ணைப் பாருங்கள். வேண்டாமென்று யாம் சொல்லோம். அதற்குமுன் உங்கள் வண்டியை நிறுத்துப் பாருங்கள். அவ்வண்டியில் நீங்கள் செய்யும் வேலை யாதென எண்ணுங்கள். அதனைத் தூக்கப்போகும் முதுகு யாருடையதென்றும் கேளுங்கள். விடை தெரிந்தபின், வாங்கத்தக்கது இன்னதென்பது தானே விளங்கும்.