குடத்துக்கு எங்கே மைக் வைப்பது?

நாகர்கோவில் பிள்ளைகள் சிலர் நடத்தும் ராக் இசைக்குழு, புது ஆல்பத்தில் வில்லிசையைச் சேர்க்கிறது என்று நண்பர் சொல்ல, வடசேரியில் அவர்கள் பதிவு செய்யும் மாடிக்குப் போனேன். 2018இல் சென்னையில் முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் பறையையும் கிதாரோடு சேர்த்துக் காட்டிய பிறகு, அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் ஓசையைத் தேடத் தோன்றுகிறது. நல்ல காரியம். நாஞ்சில் நாட்டில் தேடினால் வில்தானே கிடைக்கும்.

கிதாரும் டிரம்ஸும் முன்பே தனித்தனியாகப் பதிவாகியிருந்தன, காதில் கிளிக் ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசித்தவை. வில், குடம், உடுக்கை, தாளம் எல்லாவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார்கள்.

"மக்கா, குடத்த எடுத்துட்டா வில்லு எதுமேல நிக்கும்?" என்றார் குடம் அடிக்கும் பெரியவர்.

வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கதை பாடும் புலவர் வீசுகோலால் நாணை அடித்தால் மணிகள் குலுங்கும், அதிர்வு குடத்துக்கும் இறங்கும். பெரியவர் குடத்தின் வாயில் மட்டையால் அறைந்தால் மணிகள் சிலிர்க்கும். ஒருவர் பிசகினால் அவரை மட்டும் திருத்திப் பதிய வழியில்லை. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் எடுத்தாக வேண்டும்.

முதலில் குடத்தின் வாய்க்கு நேர்மேலே மைக் வைத்தார்கள். மட்டை இறங்கியதும் உள்ளிருந்து பீறிட்ட காற்று மைக்கில் மோதி, ஓசை வெடித்துச் சிதறியது. பெரியவர் குடத்தின் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இங்கன வையி, இவ பேசுகது இங்கதான் கேக்கும்" என்றார். பக்கவாட்டில் நகர்த்தியதும் அந்த ஆழ்ந்த 'கும்' முழுசாக விழுந்தது. மறுகையில் பிடித்த நாணயம் குடத்தைத் தட்டும் கூர்மையான ஒலியும் தெளிவாக வந்தது. கிளிக்கை அவர் ஏற்கவே இல்லை. "இந்த டிக்டிக்குக்கு சாமி வருமாடே?" கோயில் கொடைவிழாவில் கதை முற்ற முற்றத் தாளம் ஏறும், அப்போதுதான் சாமி ஆடும். கடைசியில் கிதார்காரர்கள்தாம் அவர் போக்குக்கு மறுபடி வாசித்தார்கள்.

பெரியவர் அப்பாவின் பின்னால் சிறுவயதிலேயே வில்லுக்கு வந்தவர். கொடைக் காலத்தில் கோயில் கோயிலாக இரவு விழிப்பு, மற்ற மாதங்களில் வாழைத்தோப்பில் கூலி. நோட்டீஸில் புலவர் பெயர் பெரிதாக இருக்கும். இவர் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த மண்ணின் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் ஆங்கிலத்தில் நூலே எழுதினார். அ.கா. பெருமாள் இந்தக் கதைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அறிஞர்கள் தம் கடமையைச் செய்தார்கள். வியாபாரிகள் செய்யவில்லை. முன்பு ஒருவர் இவரை வைத்து கேசட் போட்டார், ஒருநாள் கூலியோடு கணக்கை முடித்தார். அந்தப் பதிவு இன்றும் இணையத்தில் விளம்பரத்தோடு ஓடுகிறது, இவருக்கு ஒரு காசு வராது. இது அப்பட்டமான திருட்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் பங்கும், கலைஞர் என்று பெயர் குறிக்கப்படும் உரிமையும் தருகிறது. குடம் அடிப்பவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

ஆல்பம் போடும் தம்பிகளே, குடத்துக்காரரின் பெயரையும் பங்கையும் தாளில் எழுதி, அவர் மாடிப்படி இறங்குமுன் கையில் கொடுத்துவிடுங்கள்.