மீண்டும் நடை பயின்ற கதை

நடத்தல் மனிதன் முதன்முதலிற் கற்கும் கலைகளுள் ஒன்று. கற்றதும் மறந்துபோகும் கலையும் அதுவே. தளர்நடையிடும் குழந்தையைக் கண்டு மகிழாத வீடில்லை. அக்குழந்தை ஓடத் தொடங்கியதும் அதன் நடையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஓட்டத்திற்குக் கிண்ணங்களும் பதக்கங்களும் உண்டு. நடைக்கு என்ன உண்டு? இவ்வாறு எண்ணி இறுமாந்திருந்தவர்களுள் நானும் ஒருவன். அவ்விறுமாப்பு ஹந்தானை மலைச்சரிவிலே, பாசி படர்ந்த ஒரு பாறையின்மேல், ஒரு கணத்தில் நொறுங்கியது.

எனது ஊர் அக்கராயன். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி மேற்கே திரும்பினால், காட்டையும் வயலையும் ஊடறுத்துச் செல்லும் வீதி எம்மூரை அடையும். அக்கராயன் என்னும் மன்னன் ஆண்டமையால் இப்பெயர் வந்ததென்பது வழிவழியாகப் பேசப்படும் செய்தி. ஊரின் உயிர்நிலை அக்கராயன்குளம். போரினால் இடம்பெயர்ந்து, 2010ஆம் ஆண்டில் நாங்கள் ஊர் திரும்பியபோது என் கண்ணில் முதலிற் பட்டவை பாதையோரத்துச் சிவப்புப் பலகைகளே. அவற்றில் மண்டையோடு வரையப்பட்டிருந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் தம் பணியை முடிக்கும்வரை, “பாதையை விட்டு இறங்கக்கூடாது” என்பதே எம் பிள்ளைப் பருவத்தின் முதற் பாடமாயிற்று. வீதிக்கு அப்பால் நாவற்பழம் கனிந்து உதிர்ந்து கிடக்கும். பார்க்கலாம், பொறுக்க முடியாது. பாடசாலையில் மரதன் ஓட்டம் ஓடியபோதும் தார் வீதியையே ஓடிக் கடந்தோம்.

இத்தகைய ஒருவன் பேராதனைக்கு வந்து, வளாகத்தின் பின்னே எழுந்து நிற்கும் ஹந்தானையைக் கண்டால் என்ன செய்வான்? ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கிடையிலும் மானாப் புல்லினூடும் ஒற்றையடிப் பாதைகளில் விடியற்காலை தோறும் ஓடினேன். பாதையை விட்டு இறங்கியும் ஓடினேன். நண்பர்கள் அதனை உடற்பயிற்சி என்றனர். எனக்கோ அது விடுதலையாக இருந்தது.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில், இறக்கத்தில் ஓடி வரும்போது வலது பாதம் உட்புறமாக மடிந்தது. என்பு முறியவில்லை, கணுக்காலின் வெளிப்புறத்தில் என்புகளைப் பிணைத்து நிற்கும் நார்களே கிழிந்தன. முதற் சில நாள்கள் பனிக்கட்டி ஒத்தடமும் கட்டும் ஓய்வுமாகக் கழிந்தன. “இனி எத்தனை மாதம் படுத்திருக்கவேண்டும்?” என்று இயன்மருத்துவரிடம் வினவினேன். “படுத்திருந்தால் கால் கெடும், நடக்கவேண்டும்” என்றார் அவர்.

அவர் விளக்கிய காரணங்கள் எனக்குப் புதியவை. அசையாத காலின் தசை மெலியும், மூட்டு இறுகும். பாதம் எந்த நிலையில் இருக்கிறதென்பதைக் கண்ணால் நோக்காமலே மூளைக்கு உணர்த்தும் ஆற்றலும் நார்கள் கிழியும்போது பழுதுபடுகிறது. ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவதற்கு அதுவும் ஒரு காரணமாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு அல்லது மூன்று மடங்கு சுமை பாதத்தின்மேல் விழுகிறது. நடக்கும்போதோ உடல் நிறையைச் சற்றே மிஞ்சிய சுமைதான். ஆகவே முதலிற் சமதரையில் பத்து நிமிட நடை. பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுதல். நாள்தோறும் ஒற்றைக் காலில் நின்று பழகுதல். மறுநாட் காலையில் நோவு கூடியிருந்தால் நடையைக் குறைத்தல். சமதரை பழகிய பின்பே கரடுமுரடான நிலம். ஓட்டம் அதற்கும் பின்பு.

சமதரைக்கு வன்னியை விஞ்சிய இடமுண்டோ? விடுமுறையில் ஊர் சென்றேன். அம்மம்மா நோவெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தா. நான் குளக்கட்டில் நடக்கப்போவதாகச் சொன்னபோது அம்மாவின் முகம் மாறிற்று.

“நடந்தது காணாதே தம்பி? இன்னும் என்னத்துக்கு நடை?”

இவ்வளவே கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. அப்பா மட்டும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னுடன் புறப்பட்டார். வாய்க்காலில் நீர் வருகிறதா என்று பார்க்க அவர் நாளும் நடப்பவர். அன்று தொட்டு எனக்காக அவர் நடையும் மெதுவாயிற்று.

மாரி பெய்து குளம் நிறைந்திருந்தது. காலபோக நெல் பச்சை விரித்திருந்தது. முதல் நாள் கட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு மருதமரம் வரையில் நடந்து திரும்பினேன். ஒரு கிழமையில் துருசு வரையிலும், மூன்றாம் கிழமையில் வான் பாயும் இடம் வரையிலும் நடை நீண்டது. ஓடிய காலத்தில் நான் குளத்தைக் கண்டதே இல்லையென்பது அப்போதுதான் விளங்கிற்று. நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்வதையும், அலைகரையில் மாடுகள் இறங்கும் வழி ஆண்டாண்டாக ஒன்றாகவே இருப்பதையும் நின்று பார்த்தேன்.

“தம்பி, அதிலை மாட்டுக் குளம்பு பதிஞ்சு காய்ஞ்சு கிடக்கு, காலைப் பாத்து வை. இந்தப் புற்றடியாலை போகாதை. இது யானை ஏறின இடம், மண் இளகியிருக்கும்.” அப்பாவின் பேச்சு இவ்வாறே வழிநெடுகத் தொடரும். இதனைக் கேட்கக் கேட்க விரிவுரையில் படித்த ஆற்றுப்படை நூல்கள் நினைவில் எழுந்தன. பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வறுமையோடு வருபவனுக்கு வழிகூறுவதே ஆற்றுப்படை என்று பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். மலைபடுகடாத்திலே பாம்பு உறையும் குழிகளும் கால் வழுக்கும் பாறைகளும் எங்கெங்கே உண்டென்று கூத்தருக்குச் சொல்லப்படுகிறது. பொருநராற்றுப்படையிலே நடந்து களைத்த பாடினியின் பாதம், ஓடி இளைத்த நாயின் நாவுக்கு உவமிக்கப்படுகிறது. நடந்து வருந்தியவர்களின் இலக்கியம் அது என்பதைக் கட்டுப்போட்ட காலுடனேயே நான் உணர்ந்தேன்.

நடை ஓட்டத்திற்குத் தாழ்ந்ததென்ற எண்ணத்தைக் குலைத்த இன்னொரு செய்தியும் அந்நாளிற் கிட்டியது. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த அகிலத்திருநாயகி, அதே 2023ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் மட்டுமன்றி, 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கம் வென்றிருந்தார். விரைவு நடைக்குக் கடுமையான விதியுண்டு: எக்கணமும் ஒரு பாதமாவது நிலத்தைத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும், தவறினால் நடுவர் எச்சரிப்பர். நிலத்தை விட்டு எழுவது ஓட்டம். நிலத்தை விடாதிருப்பது நடை. அந்த விதியை வாசித்தபோது என்னையறியாமல் அம்மாவின் கேள்வி மனதில் வந்து நின்றது.

அடுத்த நாள் துருசடியில் அமர்ந்திருக்கையில் அப்பாவிடம் அதுபற்றிக் கேட்டேன். 2008இன் பிற்பகுதியில் இந்தக் கட்டின் கீழுள்ள வீதியாலேயே புறப்பட்டதாக அவர் சொன்னார். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஊர்ப்பெயர்களை மட்டும் வரிசையாகச் சொன்னார். முதலில் உழவு இயந்திரம், பின்னர் சைக்கிள், முடிவில் கால்கள். 2009 வைகாசியில் நந்திக்கடலைக் கடக்கும்போது அம்மாவின் காலில் செருப்பில்லை. “நீ என்ரை தோளிலை இருந்தாய். உன்ரை கால் நிலத்திலை படேல்லை” என்றார்.

நான் எதுவும் பேசவில்லை. மலைப்பாதையில் விடுதலை தேடி ஓடிய கால்கள் இவை. என் குடும்பம் நடந்த மிக நீண்ட நடையில் இவை ஓரடியும் வைக்கவில்லை. எனக்கு நடை என்பது மருந்து. அம்மாவுக்கு அது நோய். ஒரே சொல் ஒரு கூரையின்கீழ் இருவேறு பொருள் தந்துகொண்டிருந்ததை இருபத்தொரு வயது வரையில் நான் அறியாதிருந்தேன். நடையின் நன்மைகளை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தேன், அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன்.

நான் பேராதனைக்குத் திரும்புவதற்கு முன்தினம் மாலை, அழைக்காமலே அம்மாவும் எங்களுடன் வந்தா. துருசு வரையில் வந்து நின்று, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி குளத்தை நெடுநேரம் பார்த்தா. “தண்ணி முட்டிக்கிடக்கு” என்றா. பின்னர் தானே முன்னே நடந்து வீட்டுக்குத் திரும்பினா. அதற்கு மேல் அவ்விடயம்பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

இப்போது கணுக்கால் தேறிவிட்டது. சிறிது ஓடவும் செய்கிறேன். ஆயினும் கிழமைக்கு ஒருநாளாவது, கையில் ஒரு தடியுடன், ஹந்தானையை நடந்தே ஏறுகிறேன். புதிதாக வரும் முதலாண்டு மாணவர்கள் சிலர் உடன் வருவதுண்டு. பாசி படர்ந்த அந்தப் பாறை வரும்போது நான் முன்னே நின்று, “காலைப் பாத்து வையுங்கோ” என்கிறேன். அப்பாவின் குரல் என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நானே சிரித்துக்கொள்கிறேன்.